உப்புத்தாளில் தேய்த்த பெயர்

தர்மபுரி
10.8.1986

அன்புத் தம்பி நூர் பாஷாவுக்கு அக்கா அஸ்கரி பேகம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் குழந்தை வஹிதாவும் அல்லாஹ்வின் கருணையால் சுகமாக இருக்கிறோம். குவைத் வெயில் உன்னைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கிறதா? போன கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டி வந்ததா, பெட்டி வந்ததா என்று கேட்டே காகிதத்தை நிரப்பிவிட்டாய். பெட்டி வந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதைச் சொல்.

அங்கிருந்து லீவில் வந்த எதிர்வீட்டு கவுஸ் பாய்தான் கொண்டுவந்து சேர்த்தார். பழைய வீடியோ கேம் செட்டுகளையும், கையில் பிடித்து ஆடும் பெட்டிகளையும் போர்வையில் சுற்றி, அதற்கு மேல் தன் லுங்கிகளைப் போட்டு, கஸ்டம்ஸில் எல்லாம் பிள்ளைகள் விளையாடும் சாமான் என்று சொல்லித் தப்பித்தாராம். அந்தக் கைப்பெட்டிக்கு நீ ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தாய். இங்கே எல்லோரும் அதை ஸ்டிக் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நீ சொன்னபடி, பார்க்கப் புதிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார் உன் மச்சான். இத்தனை வருஷமாக லாரிக்கு ஸ்ப்ரே அடிக்கிற இந்தக் கரீமுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லிக்கொண்டே கம்ப்ரஸரைப் போட்டார். லாரிக் கதவுக்குக் கலக்கிற மாதிரியே தின்னரை ஊற்றி அடித்ததும், முதல் ஸ்டிக் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. நான் சிரித்துவிட்டேன். சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகாது என்று புரிந்த பிறகு, ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடியும் அடிக்கப் பழகிக்கொண்டார். வயரையும் உள்ளே இருக்கிற சாமானையும் நான் கழற்றிக் கொடுப்பேன். வெறும் கூட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் என் வேலைதான். புழுதி கிளம்பாமல் இருக்க ஷெட் தரையில் தண்ணீர் தெளிப்பது வஹிதா. அடித்து முடித்த கூடுகளை விட்டத்துக் கம்பியில் கொக்கி போட்டு வரிசையாகத் தொங்கவிடுகிறோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வீடியோ கேம் கடை போட்டிருக்கிறாரே பச்சியப்பன், அவர் ஒவ்வொரு ஸ்டிக்கும் ஒவ்வொரு மாதிரி வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் பையன்கள் உன்னுது என்னுது என்று அடித்துக்கொள்கிறார்களாம். உன் மச்சானுக்குச் சொல்லவா வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடு, மூலையில் தாமரை, ஒன்றில் இரண்டு கண் வரைந்து கீழே ஒலி எழுப்பவும் என்றுகூட எழுதிவிட்டார். அதற்குத்தான் இப்போது அங்கே அடிதடி. அரூரிலிருந்தும் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு விஷயம். நீ அனுப்பியதில் ஒரு ஸ்டிக்கின் அடிப்பக்கம் ஆணியால் கீறின மாதிரி அரபி எழுத்து இருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் குறி எதுவும் இல்லாததால் எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. நாம் ஓதிப் பழகியதெல்லாம் ஜேர், ஜபர் குறி போட்ட எழுத்துதானே. உன் மச்சான் பதறிவிட்டார். "இது ஓதுற எழுத்து. கண்ட கண்ட பசங்க வேர்வக் கையில புடிக்கிறதுல இது இருக்கலாமா?" என்றார். அதன் மேல் பெயின்ட் அடிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்து, அந்த எழுத்தை உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து எடுத்தோம். தூளைத் தரையில் சிந்தவிடாமல் அந்தத் துணியிலேயே முடிந்து வைத்தேன். லாரிக்காரர் பெரியண்ணன் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனபோது எங்களையும் கூட்டிப்போனார். நடு ஆற்றில் பரிசலை நிறுத்தச் சொல்லி, பிஸ்மி சொல்லி, தண்ணீரில் விட்டுவிட்டு வந்தோம். மனதுக்கு நிறைவாக இருந்தது. உனக்கும் அந்த நன்மையில் பங்கு உண்டு, நீதானே அனுப்பினாய்.

வஹிதா மூன்றாம் வகுப்பு போகிறாள். மாமா வரும்போது பாவாடைத் துணி கொண்டுவர வேண்டுமாம். அல்லாஹ் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா
அஸ்கரி பேகம்


தர்மபுரி
9.11.1986

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. சிரித்துச் சிரித்து எழுதியிருந்தாய். அந்த எழுத்து அங்கே சோப்பு உறையிலும் இருக்கும், பஸ் பலகையிலும் இருக்கும், நீங்கள் ஆற்றில் விட்டது குர்ஆன் ஆயத்து இல்லை, யாரோ ஒரு குழந்தையின் பெயராகத்தான் இருக்கும், என்ன பெயர் என்று நான் படித்துப் பார்க்கவில்லை என்று. வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ஆள் அந்த ஸ்டிக்கோடு ஒரு சின்னக் கட்டிலும் பள்ளிக்கூடப் பையும் செருப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பேரமே பேசாமல் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டான் என்றும் எழுதியிருந்தாய். உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். கையில் இருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இங்கே மழை நன்றாகப் பெய்திருக்கிறது. கவுஸ் பாய் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், சேலத்தில் கடை வைத்திருப்பவர். நீ அனுப்பிய தைலம் உன் மச்சானின் முட்டிக்கு நன்றாகக் கேட்கிறது. நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

எழுத்தைத் தேய்த்தோமே, அந்த ஸ்டிக்கில் பெயின்ட் நிற்கவில்லை. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி வந்துவிடும். சிவப்புப் பட்டனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழும். எண்ணெய்ப் பிசுக்கு என்றார் உன் மச்சான். சோடா போட்டுக் கழுவினோம், மண்ணெண்ணெயில் துடைத்தோம், பிளாஸ்டிக் தெரிகிற வரைக்கும் தேய்த்துத் திரும்ப அடித்தோம். அடித்து முடித்துக் கம்பியில் தொங்கவிடும்போது ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஈரப் பெயின்டில் விரல் பதிந்திருக்கும். ரேகைகூடத் தெரிகிறது. அந்தக் கம்பி எனக்கே எட்டாது, ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும்.

வஹிதாதான் ஏறித் தொடுகிறாள் என்று நினைத்து அவளைத் திட்டினேன். அவள் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தோம். அந்தத் தடம் அவள் விரலைவிடச் சின்னது. பிறகு ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்போதும் பதிந்தது. உனக்கே தெரியும், நம் பெயின்ட் அடித்த சூட்டிலேயே காய்கிற ஜாதி. இந்த விரல் பதிந்த இடம் மட்டும் மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் காய்வதில்லை. தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. வெளியில் சொன்னால் பெயின்டரைத்தான் குறை சொல்வார்கள் என்று உன் மச்சான் யாரிடமும் சொல்லவில்லை.

இதை மட்டும் எழுதுவதாக இருந்தால் நான் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். வஹிதாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போகிறாள். கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறாள். ஒரு நாள் அடுப்படியில் இருந்த எனக்கு டக் டக் என்று சத்தம் கேட்டது. ஸ்டிக்கைத் திருகி ஆடுகிற சத்தம். பையன்கள் ஆடும்போது பச்சியப்பன் கடையில் கேட்டிருக்கிறேன். வெளியே வந்து பார்த்தால், வஹிதா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலே தொங்குவது வெறும் கூடு தம்பி. உள்ளே இருந்ததை எல்லாம் நான்தான் கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சத்தம் போட அதற்குள் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு கூப்பிட்டால் திரும்புவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் எப்போதும் போலத்தான் வருகிறாள், பேசுகிறாள், சோறு கேட்கிறாள். காது மந்தமோ என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காதில் ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆஜர் எடுக்கும்போது வஹிதா என்றால் இவள் எழுந்திருப்பதில்லையாம். முறைத்துக் கேட்டதற்கு, அந்தப் புள்ள இன்னிக்கி வரலைங்க டீச்சர் என்றாளாம். வகுப்பே சிரித்ததாம், டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லையாம்.

வீட்டுக்கு வந்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, என்னடி கண்ணு உனக்கு என்று கேட்டேன். அடிக்கவில்லை, அதட்டவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "மேல இருக்கற புள்ளைக்குப் பேரே இல்லம்மா. நீங்க தேச்சு எடுத்துட்டீங்களாம். கூப்புட ஆளில்லாம அழுவுது. அதான் எம்பேரக் குடுத்துட்டேன்."

தம்பி, இது உன் கடிதம் வருவதற்கு முன்னால் நடந்தது. நாங்கள் தேய்த்தது பெயர் என்று அப்போது எனக்கும் தெரியாது, உன் மச்சானுக்கும் தெரியாது. ஏதோ உளறுகிறாள் என்று தண்ணீர் ஓதிக் கொடுத்துப் படுக்கவைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அவளைத் தேடித்தான் ஓடினேன்.

அந்த ஸ்டிக்கைக் கொண்டுபோய் ஆற்றில் வீசிவிடுகிறேன் என்று கிளம்பினார் உன் மச்சான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தடுத்து அழைத்துப்போனேன். அவர் முதலில் எங்களைக் கடிந்துகொண்டார். இப்படிப் பயப்படுவது அல்லாஹ்வை நம்புகிற ஈமானுக்கு அழகில்லை, தொழுங்கள், குழந்தைக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள் என்றார். ஆனால் பொருளை வீசக் கூடாது என்றார். உடையவர் இன்னார் என்று தேட வழி இருக்கும்போது அது நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், தேடித்தான் கொடுக்க வேண்டும் என்றார். அந்தப் பிள்ளை மவுத்தாகியிருந்தால் என்ன பெயர் சொல்லி ஃபாத்திஹா ஓதுவது என்று கேட்டேன். பெயர் அல்லாஹ்வுக்குத் தெரியும், ஓதலாம் என்றார். ஓதினோம். சர்க்கரை வைத்துத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தோம். அல்லாஹ்வுக்குத் தெரியும் தம்பி, நான் மறுக்கவில்லை. ஆனால் என் பெண் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் அவளுடைய ஓதுகிற கிதாபில் முதல் பக்கத்தில் எழுதியிருந்த பெயரைக் காணோம். கிழிக்கவில்லை, மையால் அடிக்கவும் இல்லை. தேய்த்து எடுத்த மாதிரி தாள் அந்த இடத்தில் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. கேட்டதற்கு, குடுத்தப்புறம் வச்சிக்கக் கூடாதில்ல என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கென்ன, நான் அவளைப் பெற்றவள், எனக்கே சில நேரம் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தால் பெயர் சட்டென்று வர மாட்டேன் என்கிறது. உன் மச்சானுக்கும் அப்படித்தானாம். ராத்திரி சாப்பாட்டின்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அன்று நான் கூட்டிப் பார்த்த எழுத்துகளும் இப்போது நினைவில் இல்லை. அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். எந்த வேலை இருந்தாலும் லீவு சொல்லிவிட்டு அந்தச் சந்தைக்குப் போ. அந்த ஆள் மறுபடி வராவிட்டாலும், பக்கத்தில் கடை போட்டிருந்தவர்களைக் கேள். கட்டிலை யார் வாங்கினார்கள் என்று விசாரி, அதில் ஏதாவது எழுதியிருக்கலாம். வீடு தெரிந்தால் போய்க் கதவைத் தட்டு. பாஷை வராவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போ. அந்தப் பிள்ளையின் தாயைப் பார்த்தால், இந்தியாவில் என் அக்கா ஒருத்தி மரியாதை செய்வதாக நினைத்து உங்கள் பிள்ளையின் பெயரை அழித்துவிட்டாள் என்று சொல். அவள் என்னை மன்னிக்க வேண்டாம். பெயரை மட்டும் வாய்விட்டு ஒரு முறை சொல்லச் சொல். அந்த ஸ்டிக்கின் பெயின்டை எல்லாம் எடுத்துவிட்டு, உள் சாமான்களை மாட்டி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கவுஸ் பாய் அங்கே திரும்பப் புறப்படும்போது கொடுத்தனுப்புகிறேன், அந்தத் தாயிடம் சேர்த்துவிடு.

பெயரைத் தமிழில் எழுது. அந்தத் தாய் சொல்கிற ஒலி கொஞ்சமும் பிசகாமல் எழுது.

உன் கடிதம் வந்த அன்று ஷெட் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். இதுதான் கண்ணு உன் பேர், எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடம் போ என்று சொல்லுவேன். அதன் பிறகு என் பெண்ணை அவள் பெயரால் கூப்பிடுவேன். இரண்டில் எந்தப் பெயருக்கு அவள் திரும்பிப் பார்ப்பாளோ தெரியவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் கால் போகிற இடமெல்லாம் வழி திறக்கட்டும். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் உன் மருமகளுக்காக துஆ கேள். மனதுக்குள் கேட்காதே, பெயரைச் சொல்லிக் கேள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல். உன் கடிதம் வந்து சேரும் வரை யாராவது ஒருவர் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் தம்பி.

இப்படிக்கு
உன் அக்கா
வஹிதாவின் அம்மா
அஸ்கரி பேகம்