புளோரினும் அண்ணன் போட்ட போரும்

ஜூலை 7

திருப்பதிக் கல்லூரியில் ஆறாவது வருஷமாக அதே பாடம், தனிம வரிசை அட்டவணை. இடமிருந்து வலமாகப் போனால் அணு சுருங்கும், எலக்ட்ரானை இழுக்கும் பலம் கூடும். மேலிருந்து கீழே போனால் அணு பெரிதாகும், இழுவை குறையும். ஆகவே வலப்பக்க உச்சியில் இருக்கும் புளோரின்தான் இழுப்பதில் முதல் ஆள்.

வாசலில் நின்று கேட்ட பிரின்சிபால், “ஒரு மார்க் கேள்விக்கு இவ்வளவு விளக்கமா?” என்றார் தெலுங்கில்.

ஜூலை 12, ஞாயிறு

விஜயபுரம் பக்கம், ஊருக்குப் போய் வந்தேன். அண்ணன் சம்பத்தின் மகள் பிரித்திகாவுக்கு எட்டு வயது. பால் பற்கள் விழுந்து முளைத்த புதுப் பற்களில் சுண்ணாம்புத் திட்டு, பழுப்புக் கோடுகள். “ஒழுங்கா பல்லு வெளக்குனாத்தான!” என்று கன்னிகா அண்ணி திட்டுகிறாள். குழந்தை வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. பல்லின் படிகத்தில் ஹைட்ராக்சைடு உட்காரும் இடம் சின்னது. குளோரைடு பெரியது, அங்கே சரியாகப் பொருந்தாது. புளோரைடு சின்னது, கச்சிதமாகப் புகுந்து கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு உறுதி. அளவு மீறினால் உருவாகும்போதே பல் கெடும். வெளக்கினால் எப்படிப் போகும்?

ஏழு வருஷத்துக்கு முன் அண்ணன் ஆழமாகப் போர் போட்டான். தெருவே அதைத்தான் குடிக்கிறது. காசு வாங்குவதில்லை. திருவிழாவில் அவனுக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அண்ணியிடம் சொல்லி ஒரு பாட்டில் தண்ணீர் வரவழைக்க வேண்டும்.

ஜூலை 17

சோதனை முடிவு: லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம் புளோரைடு. ஒன்றரையைத் தாண்டக் கூடாது.

ஜூலை 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

“நா காய்ச்சித்தான குடுக்கறேன்!” என்றாள் அண்ணி. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கும் என்றேன். அக்கறையாகக் காய்ச்சியவள் அழ ஆரம்பித்தாள்.

அண்ணன் எழுந்துவிட்டான். “தெருவே குடிச்சிக்கினு கீது. யாருக்கு இன்னா ஆயிப்போச்சி? எம்போர் தண்ணி விஷமா?”

“புள்ளைங்க பல்லப் பாருண்ணா. உன் சின்னவன் ஹேமநாத்துக்கு ஒண்ணரை வயசு. அவனோட பெரிய பல்லு இப்பத்தான் உள்ள உருவாயிக்கினு இருக்கு.”

“இந்த வூட்ல உனக்கு இனிமே ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது!”

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் வேண்டாம் என்று டாக்டரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

ஜூலை 28

வகுப்பில் வேதிப்பிணைப்பு. அண்ணன் போன் எடுக்கவில்லை. நானும் திரும்ப அடிக்கவில்லை. பிடிவாதத்தில் இரண்டு பேரும் எங்கள் நைனா மாதிரியே.

ஆகஸ்ட் 9

அண்ணி போன் செய்தாள். “உங்கண்ணன் நேத்து தெருவெல்லாம் சுத்திச்சி. வாயத் தெற, வாயத் தெறன்னு ஒவ்வொரு புள்ளையா பாத்துக்கினே போச்சி. வூட்டுக்கு வந்து சோறு துன்னல.”

நானும் சாப்பிடவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 23

ஆழம் குறைந்த எங்கள் கழனிக் கிணற்றுத் தண்ணீரை அண்ணி கொடுத்தனுப்பினாள். யார் அனுப்பச் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அரை மில்லிகிராம்தான். குடிக்கலாம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

அண்ணன் கிணற்றைத் தூர் வாரி, தெருவரைக்கும் பைப் இழுத்துவிட்டான். போரில் சிவப்புப் பெயிண்டில் ‘குடிக்க அல்ல’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கிறது. பிரித்திகாவின் கறை போகாது. அண்ணி திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

நான் போனபோது அண்ணன் எதிர்வீட்டுச் சந்திரம்மாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். “இந்தப் புளோரின் கீதே, கீழ போவப் போவ ஜாஸ்தியாவும்.”

திருத்த வாயெடுத்தேன். அட்டவணையில் கீழே போனால் இழுவை குறையும்தான். ஆனால் அவன் சொன்னது எங்கள் ஊர் மண்ணை. அங்கே அவன் சொல்வதுதான் சரி.

“இதெல்லாம் யாரு சம்பத்து சொன்னது?” என்றாள் சந்திரம்மா.

“நானே கண்டுபுடிச்சேன்” என்றான், என் பக்கம் திரும்பாமல்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.