தீவனக் கடைக் கண்ணாடியில் எஸ்ரா

ஹோம்ஸ் மாவட்டம், ஓஹியோ
ஆகஸ்ட் 14

அன்புள்ள டார்லின்,

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். மழை போதுமான அளவு பெய்தது. சோளம் நன்றாக நிற்கிறது. நானும் இருக்கிறேன்.

உங்கள் சைக்கிள் பயண விளம்பரத்தைத் தீவனக் கடை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எஸ்ராவின் முகம், தட்டு அளவுக்கு. படம் பிடிப்பவரைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். போன வருஷம் எங்கள் வாசலில் உங்கள் ஆள் ஒருவர், தசைப்பிடிப்புக்கு நாங்கள் குடிக்கக் கொடுக்கும் ஊறுகாய்த் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் சைக்கிளோடு விழுந்தாரே, எஸ்ரா அதைப் பார்த்துச் சிரிக்கப்போய் உங்கள் கேமராவில் மாட்டிக்கொண்டார்.

பிப்ரவரியில் லாரி இடித்து அவர் போனதிலிருந்து, மோட்டார் ஓட்டாத எங்கள் சபையாரின் குதிரை வண்டிகளும் நெடுஞ்சாலையை விட்டு, நீங்கள் சைக்கிள் விடும் பழைய ரயில் தடத்தில் போகட்டும் என்று இந்தப் பயணத்தை நடத்தி நீ பாடுபடுகிறாய். அதற்கு நன்றி. ஆனால் எங்கள் சபைக்குப் படம் ஆகாது, டார்லின். அது தற்பெருமை, பாவம்.

பெண்கள் போர்வை தைக்கக் கூடியிருந்தபோது என் ஓர்ப்படி, "உன் வீட்டுக்காரரு கண்ணாடியில நின்னு வர்றவ போறவளையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறாரே! உசுரோட இருந்தப்ப இவ்வளவு சிரிக்கலையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடு.

சாவில்லா ட்ராயர்


ஆகஸ்ட் 19

அன்புள்ள சாவில்லா,

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஊர் ஊராகப் போய் எடுத்து எரித்துவிட்டோம். தீவனக் கடையில் மட்டும் முன்பே காணோம். "எவனோ கிழிச்சுட்டுப் போயிட்டான்" என்கிறார் கடைக்காரர்.

பயணத்தன்று உன் வாசலில் நிற்கலாமா? வேண்டாமென்றால் வேறு வழியில் போகிறோம்.

டார்லின்


செப்டம்பர் 3

அன்புள்ள டார்லின்,

நில்லுங்கள். ஆப்பிள் அப்பம் சுட்டு வைக்கிறேன். ஊறுகாய்த் தண்ணீரும் உண்டு. பீப்பாயைத் தள்ளி வைக்கிறேன்.

கிழித்தது நான்தான். உன்னைக் குறை சொல்லி எழுதினேனே, அப்போதே அது என் மாவுத் தொட்டிக்கு அடியில் இருந்தது. பிறகு, சபை ஒழுங்கைப் பார்க்கிற டீக்கன் வந்து கேட்டபோது, "எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

எஸ்ராவுக்கு ஓரப் பல் ஒன்று உடைந்திருக்கும். எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அவரோடு இத்தனை வருஷம் சாப்பிட்டவள் நான். படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திருவிருந்து ஆராதனை வருகிறது. அதற்கு முந்தின கூட்டத்தில், தேவனோடும் சபையோடும் சமாதானமா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். தொட்டியை நினைத்துக்கொண்டு ஆமென்று எப்படிச் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் எரிக்கச் சொல்வார்கள். அவரை ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று.

சாவில்லா


செப்டம்பர் 20

அன்புள்ள டார்லின்,

நீங்கள் எல்லோரும் வாசலில் சத்தம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். படத்தோடு இதையும் அப்பப் பெட்டிக்கு அடியில் வைத்துத் தருவேன். வீட்டுக்குப் போய்ப் பிரி.

நேற்று டீக்கனிடம் சொல்லிவிட்டேன். "அது உன் வீட்ல இருக்கக் கூடாதும்மா" என்றார். எரி என்று சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால் அது இனி உன்னிடம் இருக்கட்டும். சுவரில் மாட்டாதே. யாருக்கும் காட்டாதே. இங்கே கொண்டு வரவும் வேண்டாம். நான் என்றைக்காவது கேட்டால் மட்டும், அந்தப் பல் எந்தப் பக்கம் என்று சொல்.

சாவில்லா