ராங்கியின் ஜன்னல்

மார்ச் 4

இன்று கண்கட்டை அவிழ்த்தார்கள். நீலம் என்றால் இதுதானா! ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இத்தனை வருடம் பழைய தேன் பாட்டில் வழியாக உலகத்தைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

ஆபரேஷனுக்கு நச்சரித்து நச்சரித்து அழைத்து வந்தது என் பேத்தி. வீட்டில் அவளுக்கு ராங்கி என்று பெயர், நான் வைத்தது. மூன்று வயதிலேயே யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

வாசலில் ஒரு போட்டோ எடுத்தாள். நானும் மகளும் சொட்டு மருந்தை யார் பையில் வைப்பது என்று அப்போதுதான் சண்டை போட்டிருந்தோம். ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றோம். "நடுவுல லாரியே போகும் போலிருக்கு, கிட்ட வாங்க ரெண்டு பேரும்" என்றாள். யார் போவார்கள்? போட்டோவில் நடுவே சுவர்தான் விழுந்திருக்கிறது. நான் கறுப்புக் கண்ணாடியில் பெரிய நடிகை மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 11

ராங்கி வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள். சாப்பாட்டு மேசைதான் அவள் ஆபீஸ். இதுவரை அவள் திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம். இன்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

வானம் செய்கிறாள்! கடைக்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கூடங்கள் எல்லோரும் இன்டர்நெட்டில் வைக்கும் பக்கங்களுக்கு நிறம் கொடுக்கிற வேலை. தூரிகை இல்லை, வண்ணக் குழம்பு இல்லை, எல்லாம் எழுத்து. மேலே இந்த நிறம், கீழே அந்த நிறம் என்று ஒரு வரி எழுதுகிறாள். நடுவில் உள்ளதை எல்லாம் கம்ப்யூட்டரே கலக்கிக்கொள்கிறது. கிரேடியன்ட் என்று அதற்குப் பெயர். எழுதுகிற பாஷைக்கு சி.எஸ்.எஸ். என்று பெயர்.

நீலத்தில் ஆரம்பித்து மஞ்சளில் முடித்துக் காட்டினாள். நடுவில் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல்.

"இது என்னடி, நடுவுல செத்துக் கிடக்குது?"

"அப்படித்தான் ஆகும் பாட்டி. எதிரும் புதிருமான நிறத்தை நேரா ஓட விட்டா நடுவுல சேறாயிடும். வழியில ஒரு நல்ல நிறத்தை நிறுத்தி வைக்கணும்." நடுவில் ஒரு ரோஜா நிறத்தை எழுதினாள். திரையில் சாயங்காலம் வந்துவிட்டது.

கீழ்வீட்டுத் தையல்காரியிடம் போய்ச் சொன்னேன், என் பேத்தி வானம் போடுகிறாள் என்று. "அப்ப மழையையும் அவளே போடுவாளா? நான் துணி காயப்போட்டிருக்கற நாளா பாத்து வேணாம்னு சொல்லுங்க" என்றாள். வயிற்றெரிச்சல். அவள் பேத்தி இன்னும் கூட்டல்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 19

இனிமேல் அவளாக வந்து பேசினால் பேசுவேன்.

காபி கொண்டுபோய் அவள் பக்கத்தில் நீட்டினேன். நீட்டினேன், நீட்டிக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை. ஒரு மனுஷி நிற்கிறாளே என்று ஒரு பார்வை கிடையாது. பிறகு என்ன நினைத்தாளோ சட்டென்று கையை வீசினாள், டம்ளர் தரையில். "சொல்லிட்டு வரக்கூடாதா பாட்டி? திருடி மாதிரி பக்கவாட்டுல வந்து நிக்கற!"

திருடியாம். நான் திருடியாம்! இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறூட்டினவள் திருடி. பெரிய வேலை, பெரிய சம்பளம், அஞ்சாங்கிளாஸ் கிழவி கண்ணுக்குத் தெரிவாளா?

மார்ச் 20

பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் இல்லை.

மார்ச் 27

திறந்திருந்த அலமாரிக் கதவில் ராங்கி நெற்றியை இடித்துக்கொண்டாள். போன வாரம் முழங்காலை இடித்தாள். மகள் பேக்கரி வேலையிலிருந்து அப்போதுதான் வந்தாள், கையெல்லாம் மாவு. "நடக்கும்போதாவது அந்தப் போனை மறந்து தொலையேன்டி" என்று கத்தினாள். போன் அவள் கையில் இல்லை. நான் பார்த்தேன். ஆனால் நான்தான் பேசுவதில்லையே, அதனால் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காதாம். எனக்கு மங்கினது கண், காது இல்லை.

விஷயம் இதுதான். பக்கம் கட்டும்போது எது எங்கே முடிகிறது என்று தெரிய, இவர்கள் ஓரத்தில் பளீரென்று ஒரு சிவப்புப் பட்டை போட்டுக்கொள்வார்களாம். தையல்காரி நூலோட்டம் போடுகிற மாதிரி. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு பல் டாக்டருடைய பக்கத்தில் ராங்கி எடுக்கவில்லை. இளம்பச்சையாக இறங்கி வருகிற நிறத்தின் வலது ஓரத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு கோடு, அதுவும் பல் டாக்டருக்கு. ஊரே பார்த்துவிட்டதாம். மேலதிகாரி எல்லோர் முன்னாலும் வைத்து "உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கேட்டாராம்.

எனக்கு வந்த கோபத்தில் பேசாமலிருப்பதை மறந்துவிட்டேன். "ஒரு கோட்டுக்கா இத்தனை பேச்சு? அந்தாளு போன் நம்பரைக் குடு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அனுப்பறதுக்கு முன்னாடி நான் பாத்தேன் பாட்டி. நல்லா பாத்தேன். அங்க சிவப்பு இல்ல."

ஏப்ரல் 15

அதே கண் ஆஸ்பத்திரி, அதே நாற்காலி வரிசை. நர்ஸ் என்னைப் பார்த்து "வாங்க பாட்டி, அடுத்த கண்ணா?" என்று கையைப் பிடித்தாள். "நான் இல்லம்மா" என்றேன்.

மகளும் ராங்கியும் உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, பவர் மாறியிருக்காம்" என்றாள் மகள். அவள் பொய் சொன்னால் புடவைத் தலைப்பைச் சுருட்டுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 18

எப்படி எழுதுவது.

காலையில் மகள் வேலைக்குப் போனதும் ராங்கி என்னை மேசைக்குக் கூப்பிட்டாள். "பாட்டி, உனக்கு ஒண்ணு காட்டணும். வாயால சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

திரையில் ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த போட்டோ. நான், மகள், நடுவில் சுவர். அதன்மேல் ஒரு வரி எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதே. "இதுவும் கிரேடியன்ட்தான். இது நேரா இறங்காது, வட்டமா விரியும். நடுவுல ஒண்ணுமே இல்லாத நிறம். அது எழுபது பர்சன்ட் வரைக்கும். அதுக்கு அப்புறம் கறுப்பு."

"ஒண்ணுமே இல்லாதது ஒரு நிறமா?"

"ஆமா. அது இருக்கற எடத்துலதான் பின்னால உள்ளது தெரியும்."

எழுதி முடித்தாள். போட்டோவின் நான்கு மூலையும் இருண்டு போயிற்று. ஓரத்தில் நின்ற எனக்கு ஒரு தோளைக் காணவில்லை.

"எனக்கு இப்படித்தான் தெரியுது."

விழித்திரையாம். ஓரத்திலிருந்து உள்பக்கமாகப் போய்க்கொண்டே வருமாம். மருந்து இல்லையாம். ஒரேயடியாக இல்லை, மெல்ல மெல்ல. எவ்வளவு மெல்ல என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லையாம்.

காபி டம்ளர், அலமாரிக் கதவு, சிவப்புப் பட்டை, எல்லாம் அந்தக் கறுப்புக்குள்தான் இருந்திருக்கிறது. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், நீட்டின கையோடு.

நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. "இதுக்கு ஜன்னல்னு பேர் வெச்சிருக்கேன்" என்றாள்.

ஏப்ரல் 19

கடவுளே, என் கண்ணைத் திறந்து வைத்து இவள் கண்ணை மூடுகிறாயே, இது என்ன கணக்கு? எனக்கு எதற்கு இத்தனை நீலம்?

மே 8

எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. ஓரம் பார்க்கிற உத்தியோகம். ராங்கி ஒரு பக்கத்தை முடித்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு மூலையையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"பொய் சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்" என்றாள்.

"தூக்கிப் பாரு. சமையலை யாரு செய்யறா பாக்கலாம்."

இன்று ஒரு பூக்கடைப் பக்கம். கீழ் மூலையில் நிறம் வழுவழுவென்று இறங்காமல் படிக்கட்டு மாதிரி இருக்கிறது என்றேன். அவள் தலையைத் திருப்பித் திருப்பி அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். "அட, ஆமா பாட்டி!"

தையல்காரியிடம் சொன்னேன், நானும் கம்ப்யூட்டர் வேலைதான் என்று. ராங்கியின் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயம் அவள் காதுக்குப் போகக் கூடாது.

நவம்பர் 22

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் திரையில் அந்த ஜன்னலைத் திறந்து எழுபதை அழித்து ஐம்பத்தைந்து என்று போட்டாள். இங்கிலீஷில் எனக்கு எண்கள்தான் தெரியும். அதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 9

புது நோட்டு. இப்போதெல்லாம் அவளிடம் எது சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நின்று சொல்கிறோம். மகள் மறந்துபோய்ப் பக்கத்திலிருந்து தட்டை நீட்டினாள், நான் திட்டினேன். "பழக வேணாமாம்மா எனக்கு?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள், நான் கழுவினேன். வேறு என்ன செய்ய?

ஆகஸ்ட் 14

நாற்பது.

மார்ச் 2

அடுத்த நோட்டுக்கு வந்துவிட்டேன். எழுதவே பிடிக்கவில்லை.

ராங்கி ஆபீஸில் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த மேலதிகாரியே "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே" என்றாராம். இவள் கேட்கவில்லை.

"நான் இருக்கேன்ல, ஓரம் பாக்க?" என்றேன்.

"முன்னெல்லாம் ஓரம் மட்டும்தான் பாத்த பாட்டி. இப்ப முக்கால்வாசி நீதான் பாக்கற. எனக்குக் குடுத்த வேலையை நீ செஞ்சா எப்படி? உனக்குச் சம்பளம் குடுக்கணுமே."

சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கடைசியாகச் செய்த பக்கம் ஒரு சிறு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துடையது. மேலே ஆழ நீலம், நடுவில் ரோஜா, கீழே மஞ்சள். நான்கு மூலையும் சுத்தம். பொய் இல்லை.

ஜூலை 17

திரை வாய்விட்டுப் படிக்கிற மாதிரி செய்திருக்கிறாள். ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி ஒரு குரல், அதுவும் ரயில் வேகத்தில். எனக்கு ஒரு சொல் புரியவில்லை, அவளுக்கு எல்லாம் புரிகிறது. பார்வை இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம் சரியாகப் படித்துக் காட்டுகிறதா என்று கேட்டுச் சொல்கிற வேலைக்கு மனு போட்டிருக்கிறாள்.

அந்தக் குரல் நிறத்தை மட்டும் சொல்வதில்லை. நான் கவனித்தேன். அவளும் கவனித்திருப்பாள்.

அக்டோபர் 30

நேற்று ஆஸ்பத்திரி. இன்று மத்தியானம் கூப்பிட்டாள்.

"பாட்டி, ஜன்னலைத் திறந்து தரேன். நம்பரை நீ மாத்து."

"நான் மாட்டேன்."

"எழுத்து பொடியா இருக்கு, எனக்குத் தேடித் தேடிக் கழுத்து வலிக்குது. நாப்பதை அழிச்சிட்டு பதினஞ்சு போடு."

பதினைந்தா? அழித்தேன், ஒரு விரலால் ஒன்றை அமுக்கினேன், ஐந்தை அமுக்கினேன். திரை முழுக்கக் கறுத்துவிட்டது. நடுவில் மட்டும் சின்னதாக ஒரு வட்டம். நானும் இல்லை, மகளும் இல்லை.

"யாரு தெரியறா?"

"நாங்க ரெண்டு பேருந்தான். நல்லா தெரியறோம்."

"உன்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சு" என்றாள். "நடுவுல சுவர்தான் இருக்கும். நான்தானே எடுத்தேன். கிட்ட வாங்கன்னா வந்தீங்களா ரெண்டு பேரும்?"

மூக்கை உறிஞ்சினேன். அவள் கையால் மேசையைத் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அழாத. வட்டத்தைப் பெரிசாக்கத்தான் முடியாது, நகர்த்தலாம். அந்த வரி ஆரம்பத்துல ரெண்டு ஐம்பது இருக்கா? அதுதான் வட்டத்தோட எடம். முதல் ஐம்பதை இருபத்தஞ்சு ஆக்கு. அடுத்ததை நாப்பது ஆக்கு."

ஆக்கினேன். இருட்டுக்குள் அந்த வட்டம் நகர்ந்து இடது பக்கம் வந்தது. கறுப்புக் கண்ணாடி, முறைப்பு, என் மூக்கு.

"இப்ப?"

"இப்ப நான் தெரியறேன்."

"மூஞ்சி முழுசா தெரியுதா? ஓரம் பாத்துச் சொல்லு."

"காது ரெண்டும் இல்ல. மத்ததெல்லாம் இருக்கு."

"காது இல்லைன்னா நல்லதுதான், ஒட்டுக் கேக்க மாட்ட. அப்படியே சேமிச்சு வை. அம்மா பேக்கரியிலேருந்து வந்ததும் அவ பக்கம் நகர்த்திக்கலாம்."

சேமித்தேன்.

பிறகு அவள் திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். முகம் கொஞ்சம் மேலே போனது, கொஞ்சம் இடது பக்கம் வந்தது, கீழே இறங்கியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ம், இங்க இருக்க" என்றாள்.