நீ அழிக்கச் சொன்ன பதிவு

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

கர்த்தருக்கு வெளியே கொஞ்சம் கோபமாக இருக்கும் உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, இப்போதெல்லாம் என்னைத் துரத்தினால் பிடித்துவிடுகிறாள். அப்பா தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டார். கேட்டால் முதிர்ச்சி என்கிறார். டப்பா தீர்ந்துபோனது எனக்குத் தெரியும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ "ம்ம், அப்புறம்?" என்று சொல்லிக்கொண்டே துணி மடிப்பாய். பாதியில் அம்மா பிடுங்கிக்கொண்டு, நீ சாப்பிட்டாயா என்று ஆரம்பிப்பாள். அப்பாவின் ஆபீஸ் நண்பர் அடுத்த வாரம் நீ இருக்கும் ஊருக்கு வருகிறார். அவர் பெட்டியில் உனக்கு இரண்டு சட்டையும் இந்தக் கடிதமும் வரும். முதலில் சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொள். கடிதத்தைப் படித்தபின் அதற்கெல்லாம் மனசு வராது.

விஷயம் சபையின் பாட்டுக் குழுவைப் பற்றியது. நீ அனுப்பிய ஆப்பை எல்லாரும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், நான்தான் பழக்கினேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை.

நீ வேலைக்குப் போன இந்த எட்டு மாதத்தில் குழுவில் நான் என்னவாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நம் ஆட்கள் யாருக்கும் ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. நீ இருந்தவரை சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, அவரவர் குரலை நான்கு தடவை பாடிக் காட்டுவாய். நீ போனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தலை கொஞ்சம் கனத்ததும் உண்மைதான். வாட்ச்மேன் மாமாவுக்கு பாஸ் என்கிற கனத்த ஆண் குரலை நான் பாடிக் காட்டினால் தொண்டை கட்டிய தவளை மாதிரி இருக்கும். ஆனாலும் அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தானும் பாடி, "சரியா வருதா வாலு?" என்பார். ஆறடி உயர ஆள், பதினாறு வயசுப் பெண்ணிடம் சரியா என்று கேட்கிறார்! அந்த ருசி உனக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குப் புதுசு.

அப்போதுதான் நீ ஆப் அனுப்பினாய். அது ஆப் இல்லை, எனக்கு வைத்த ஆப்பு. ஒவ்வொரு பாட்டிலும் நான்கு குரலும் தனித்தனியாக இருக்கும், மற்றவற்றை அமுக்கிவிட்டுத் தன் குரலை மட்டும் வீட்டிலேயே கேட்டுப் பழகலாம், வராத வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். அதில் நம் பாட்டுகள் இல்லை என்று நீயே நான்கு குரலிலும் பாடி ஏற்றினாய். பதிவுகளை ஏற்றவும் மாற்றவும் வேண்டிய கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்து, "எல்லாரையும் இதுக்குப் பழக்குறது உன் பொறுப்பு" என்றாய். என் நாற்காலியை நானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே போடச் சொன்னாய், அண்ணா. அதுவும் சிரித்துக்கொண்டே.

பழக்கினேன், என் பாணியில். வாட்ச்மேன் மாமாவிடம், இது நீங்க குளிக்கும்போது பாடுறதையும் பதிவு பண்ணி பாஸ்டருக்கு அனுப்பிடும் என்றேன். அவர் அன்றைக்கே போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டார். அப்படியும் நம்பாமல் இரண்டு வாரம் குளியலறையில் போனை வாளிக்குள் கவிழ்த்து வைத்தாராம். அடுத்த ஞாயிறு பாஸ்டர் புதுசைக் கண்டு பயப்படாதீர்கள் என்று பேசும்போது என்னையே பார்த்தார். நான் பின்னால் திரும்பி யாரைப் பார்க்கிறார் என்று தேடினேன்.

ஆனால் மருந்துக்கடைக்காரர் மகளை என்ன செய்வது? நீ போனபிறகு சேர்ந்தவள், பெண்களில் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவள். நான் வைத்த பெயர் டானிக். ஒரே வாரத்தில் பதினொரு பாட்டைப் பழகிக்கொண்டு வந்து நின்றாள். நான் பாடிக் காட்டப் போனால், "பரவாயில்ல, அண்ணன் குரல்ல கேட்டுட்டேன்" என்றாள். எந்த அண்ணன்? யாருடைய அண்ணன்? ஒரு பாட்டை மெதுவாக வேண்டும் என்று அவள் உனக்கு எழுதினாள். அன்று சாயங்காலமே முழுப் பாட்டையும் திரும்பப் பாடி அனுப்பினாய். அதே வாரம் நான், எப்ப வருவே என்று கேட்டிருந்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "பார்க்கலாம்."

இந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொள்வது நல்லது.

புதிதாக எடுத்த நன்றிப் பாட்டுக்கு நீ முதலில் அனுப்பிய ஆல்டோ பதிவு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் சரணத்தில் வழி தப்பி, மேலே போகவேண்டிய இடத்தில் கீழே இறங்கி, கடைசியில் நீயே சிரித்துவிட்டாய். சரியாகப் பாடி வேறொன்று அனுப்பிவிட்டு, பழசை அழித்துவிடு என்றாய். நான் அழிக்கவில்லை. நீ சிரிக்கிறாய் அல்லவா, அதற்காகத்தான் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சிரிப்பை மட்டும் வெட்டி எனக்கென்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆப்பில் சரியான பதிவு இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஆப்பைத் தொடும் ஒரே ஆல்டோ டானிக்தான் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஞாயிறு அவள் எல்லார் முன்னாலும் தடுமாறட்டும், அவ்வளவுதான். இன்னொரு ஆல்டோவான டெய்லர் ஆன்ட்டி, "எனக்கு அந்த மிஷினெல்லாம் வேணாம்மா, தையல் மிஷின் ஒண்ணு போதும், நீயே பாடிக் காட்டு" என்று சொல்லியிருந்தார். என் கட்சியில் மிச்சமிருந்த ஒரே ஆள். அந்த சனிக்கிழமை வேலை அதிகம் என்று ஒத்திகைக்கு வரவில்லை. நானும் கவலைப்படவில்லை, பாட்டைத்தான் முன்பே பாடிக் காட்டியிருந்தேனே.

ஞாயிறு வந்தது. இரண்டாம் சரணத்தில் கீபோர்டு நின்று, ஆல்டோ மட்டும் இரண்டு வரி பாடும் இடம். டானிக் சரியாக மேலே போனாள். டெய்லர் ஆன்ட்டி, ஆள் நிறைந்த சபையில், முழுக் குரலில், முழு நம்பிக்கையோடு கீழே இறங்கினார். அப்படியே நீ இறங்கிய மாதிரி. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆன்ட்டி பாதி வார்த்தையில் நிறுத்தினார். மைக்கை மெதுவாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, படி இறங்கி, தூண் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அவரும் ஆப்பில்தான் பழகியிருக்கிறார். டானிக் அவருடைய தையல் கடைக்கே போய், அவர் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லையாம். எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ பாவம் இல்லை. நீங்களுமா என்றுதான் வந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் டானிக் என்னிடம் வந்தாள். அவள் புதன்கிழமையே தப்பைக் கவனித்திருக்கிறாள். "உங்க அண்ணன் தப்பா பாடிட்டார்னு எப்படிச் சொல்றதுன்னு நானே சரிபண்ணிக்கிட்டேன். ஆன்ட்டிகிட்டயாவது சொல்லியிருக்கணும். என் தப்பு" என்று அழுதாள். அவள் நல்லவள், அண்ணா. டானிக் என்று சரியாகத்தான் வைத்திருக்கிறேன், நல்லதுதான், ஆனால் எனக்கு இறங்கவில்லை.

அன்றே சரியான பதிவைத் திரும்ப வைத்துவிட்டேன். இரண்டு வாரம் ஆன்ட்டி ஒத்திகைக்கு வரவில்லை. வயசாயிடுச்சு, விட்டுடுங்க என்று பாஸ்டரிடம் சொன்னாராம். பள்ளிப் பாவாடையின் விளிம்பை நானே பிரித்துவிட்டு, தைக்கவேண்டும் என்று கடைக்குப் போனேன். எப்போதும் பாடிக்கொண்டே தைப்பவர். அன்று ஊசிச் சத்தம் மட்டும்தான். "தம்பி வேலைய முடிச்சிட்டு வந்து நமக்காக உக்காந்து பாடி அனுப்புது. அது தப்பா பாடியிருக்காது. என் காதுதான் போச்சு. காது போனவ மைக்குக்கு முன்னால நிக்கலாமாடி?" என்றார். நான் பாவாடையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இதுவரை எழுதி மூடிவைத்து நான்கு நாள் ஆகிறது. மேலே எழுதியதையே திரும்பப் படித்தால், உனக்குச் சொல்லத் தைரியம் வந்த எனக்கு அவருக்குச் சொல்ல வரவில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும், ஏன் செய்தேன் என்பது உட்பட.

ஆன்ட்டி கையிலிருந்த தையலை முடித்தார். நூலைக் கத்தரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?" முகம் முழுக்க அப்படி ஒரு சந்தோஷம். அதற்கு அப்புறம்தான் கோபம் வந்தது. "எழுந்திரு. வெளியே போ. பாவாடைய உங்கம்மாவ வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றார்.

நேற்று ஒத்திகைக்கு வந்தார். நானும் எல்லார் முன்னாலும் நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நான் பேசி யாரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் மாமா மட்டும், "அப்ப குளிக்கும்போது பதிவாகுதுன்னியே?" என்றார். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். பாஸ்டர் கடவுச்சொல்லை வாங்கி டானிக்கிடம் கொடுத்துவிட்டார். ஆன்ட்டி பாடினார், இரண்டாம் சரணத்தில் மேலே போனார், அண்ணா, கூரை வரைக்கும். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. டானிக்கோடு நின்றார்.

இனி நானும் எல்லாரையும் போல ஆப்பைக் கேட்டுத்தான் என் குரலைப் பழகவேண்டும். இரண்டு மாதமாக அதை ஒரு தடவைகூட எனக்காகக் கேட்டதில்லை. இன்று காலை முதல் முறையாகப் போட்டேன். பாடத் தொடங்குமுன் நீ ஒரு மூச்சு இழுக்கிறாய். பக்கத்தில் நின்று இழுப்பது போலவே இருக்கிறது. அது எல்லாருக்கும் கிடைக்கிறது, வாட்ச்மேன் மாமாவுக்குக்கூட. நல்லதுதான். ஆப் நல்ல ஆப்தான். ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

ஒரே ஒரு விண்ணப்பம். இதைப் படித்ததும் என்னைத் திட்டி ஒரு பதிவு அனுப்பு. மெதுவாக வேண்டாம், உன் வேகத்திலேயே திட்டு. என் பெயரைச் சொல்லித் திட்டு. நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அதை மட்டும் அந்த ஆப்பில் ஏற்றிவிடாதே.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. சீக்கிரம் லீவும் கொடுப்பாராக.

இப்படிக்கு,
பொறுப்பு பறிபோன உன் ஒரே தங்கை