ஊசியை முட்ட வைத்த குரல்

அப்பாவுக்கு உங்க மகளோட வணக்கம். அம்மா சுகமா? சாரத்துல ஏறினா முழங்கால் வலிக்குதுன்னீங்களே, இப்ப பரவாயில்லையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்ன ஆராய்ச்சின்னு கேட்டீங்க. நீங்க சுவர் எழுப்புறீங்க, நான் சுவருக்குள்ள புகுந்து போறவங்களைப் பிடிக்கிறேன். ஓர் ஊசியை உலோகத் தகட்டுக்கு மேல, தொடாம, அவ்வளவு நெருக்கத்துல நிறுத்துவோம். அந்த இடைவெளிதான் சுவர். ஏறித் தாண்ட ஊசியில இருக்கிற எலக்ட்ரானுக்குத் தெம்பு கிடையாது. ஆனா ஓட்டையே போடாம, சிலது அந்தப் பக்கம் போய் நிக்கும். சுவர் மெல்லிசா இருக்கணும். அரைக்கல் சுவர் தடிச்சு ஒருகல் சுவராச்சுன்னா, எலக்ட்ரான் வரத்து நின்னுடும்.

போன வாரம் ஒரு கூத்து. ஊசி மெஷின் இருக்கிற அறையில சத்தமே கூடாது. வெளிய வந்து கேக்கப் பொறுமையில்லாம, நீங்க அனுப்பின குரல் பதிவை மெஷின் பக்கத்துலயே போட்டுட்டேன். "சாப்பிட்டியாம்மா!"ன்னு நீங்க போட்ட சத்தத்துல ஊசி அதிர்ந்து தகட்டுல முட்டி, முனை மழுங்கிடுச்சு.

பேராசிரியை தலையில அடிச்சுக்கிட்டாங்க. "யாரும்மா இது, ஒலிபெருக்கியா?"

"எங்கப்பா. கொத்தனார். சாரத்து மேலருந்தே பேசிப் பழக்கம்"னேன்.

புது ஊசி நானே செஞ்சுட்டேன். பழசைவிடக் கூர்.

அதுக்காக மெதுவா பேசிடாதீங்க. கொஞ்சம் நீளமா பேசுங்க. கலவை போடுறவரோட என்ன சண்டைன்னுகூடச் சொல்லுங்க. நான் தங்கியிருக்கிற அறையில வச்சுக் கேக்குறேன். அங்க சுவர் நல்ல தடிமன், யாரோட சத்தமும் உள்ள வராது.

மெஷின் கூப்பிடுது, ஓடுறேன்.

உங்க மகள்