அத்தா ஜெயித்த ஆட்டத்தைப் பார்த்தோம்

அன்பு மகள் தஸ்லிமாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். அத்தாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் விழுந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடையில் முன்பு மூட்டை தூக்கிய சீனிச்சாமி அண்ணன், இப்போது விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனி வேலைக்குப் போகிறாரே, அவர் மகள் பானுப்பிரியாவைச் சென்னையில் ஒரு கூடைப்பந்து லீக்கில் சம்பளத்துக்கு ஆடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அனுப்பலாமா என்று அவர் பானுவையும் கூட்டிக்கொண்டு அத்தாவிடம் யோசனை கேட்க வந்தார். அத்தாவைத்தான் உனக்குத் தெரியுமே, அமெரிக்கக் கூடைப்பந்தில் அந்தக் காலத்தில் டீம் கொஞ்சம், அதனால் ஒவ்வொன்றிலும் நாலு பெரிய ஆட்டக்காரர்கள், அடியும் இடியுமாக ஆடினார்கள், இப்போது முப்பது டீம், தொட்டால் விசில், இதெல்லாம் ஒரு போட்டியா என்று ஆரம்பித்துவிட்டார். பானு மட்டும், அப்போது ஒரே நாட்டு ஆட்களோடு மோதினால் போதும் மாமா, இப்போது உலகத்தையே தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். அத்தாவுக்குக் கோபம். வா, அசல் போட்டியைக் காட்டுகிறேன் என்று, தான் மில் டீமுக்கு ஆடி ஜெயித்த பழைய பைனல் கேசட்டை யாரிடமோ கொடுத்து பென் டிரைவில் மாற்றி வைத்திருந்ததை டிவியில் போட்டார்.

நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னவென்று சொல்வேன், வலது கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு ஆளாளுக்கு மெதுவாக நடக்கிறார்கள், அத்தா கூடையில் போடும்போது தடுக்க ஒருவருமே இல்லை. முப்பது வருடமாக நான் கேட்டுக் கேட்டு மனதில் வளர்த்த ஆட்டம் இதுதானா என்று அத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அத்தா முகம் வெளுத்துவிட்டது. பானு சிரிக்கவில்லை, சிமெண்ட் தரை, கோச் கிடையாது, அதில் இவ்வளவு ஆடினதே பெரிது என்றுதான் சொன்னாள்.

சீனிச்சாமி அண்ணன் திரையில் கம்பி வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தைக் காட்டி, அதில் முண்டாசு கட்டியிருப்பது தான்தான் என்றார். அத்தா ஆச்சரியமாக, ஏன் நீ உள்ளே வரவில்லை, வந்திருந்தால் ஆடியிருப்பாயா என்று கேட்டார். அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னார், "உள்ள விட்டிருந்தாத்தான பாய் தெரிஞ்சிருக்கும். எங்க தெருவுல இருந்து யாரையும் விடலையே."

அத்தா டிவியை அணைத்தார், பிறகு, "நான் யாரை ஜெயிச்சேன் சல்மா?" என்று என்னைக் கேட்டார். அண்ணன் பக்கம் திரும்பி, "பிள்ளைய அனுப்புங்க சீனிச்சாமி, நான் சொன்னதைக் கேக்காதீக" என்றார். வாழ்நாளில் அவரை முதன்முதலாக அன்றுதான் ‘நீ’ என்று சொல்லாமல் ‘அனுப்புங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசினார், எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி.

பானு இன்று காலை பஸ் ஏறிவிட்டாள். அத்தா பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தார். நீ வேளைக்குச் சாப்பிடு, தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தாவுக்குப் போன் போடு, ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்ச நாள் கேட்காதே.

உன் அம்மா,
உம்மு சல்மா,
விருதுநகர்.