அப்பா பாஸ்

பிப்ரவரி 3

அன்புள்ள சிட்டு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று இந்த முறை எழுத முடியவில்லை. உன் அப்பாவுக்கு மூன்று நாளாகத் தாங்க முடியாத வயிற்றுவலி. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த மனிதர், நேற்று கூடத்தில் சுருண்டு படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள்.

நீ வருடம் தவறாமல் எனக்குக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றாய், நானும் சொல்லவில்லை. ஆனால் ஆறு வருடக் கோபத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்யப் போகிறீர்கள்? கிளம்பத் தயாராக இரு. நிலைமை தெரிந்ததும் தந்தி கொடுக்கிறேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டெனோவாக இருந்தவன் நான். சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுவேன், கவலைப்படாதே.

இப்படிக்கு,
மாடி வீட்டு மாமா

*

தந்தி, பிப்ரவரி 6

ஃபாதர் பாஸ்டு ஏர்லி மார்னிங். நோ பெயின் நவ். ஆல் ஓவர். டு நாட் கம்.

*

பிப்ரவரி 8

மாமாவுக்கு,

தந்தி கிடைத்தது. நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். விடியற்காலையில் அப்பா போய்விட்டார், இனி வலியில்லை, எல்லாம் முடிந்துவிட்டது, நீ வராதே. பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்த கையால் வாங்கிப் படித்தேன். கூட வேலை செய்கிற அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

'வராதே' என்பது அப்பா சொல்லிவிட்டுப் போனதா, நீங்களாக எழுதியதா? இப்போது இதைக் கேட்கக் கூடாதுதான். அவரே சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபமில்லை.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அம்மா போனபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் தனியாக இருக்கப் பயப்படுவேன் என்று, பள்ளி விட்டதும் அப்பா தன் பஸ்ஸிலேயே என்னை ஏற்றிக்கொள்வார். டிரைவருக்குப் பின்சீட்டு என்னுடையது. வீட்டுப்பாடம் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். "பாஸ் இருக்கறவங்க கையில எடுத்து வெச்சுக்கங்க!" என்று கத்திக்கொண்டே வருபவர், நான் தூங்குவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். காலையில் பின்னல் போட்டுவிடுவதும் அவர்தான். ஒன்று காதருகே தொடங்கும், இன்னொன்று பிடரியில் தொடங்கும். பஸ்ஸில் ஒரு அம்மாள், "யாருடி போட்டது இந்தப் பின்னல?" என்று சிரித்தபோது, "எங்கப்பா" என்றேன். அத்தனை பெருமையாக அதற்குப் பிறகு எதையும் சொன்னதில்லை.

அதே மனிதர்தான் பரீட்சை ரிசல்ட் வந்த அன்று, தெருவே வேடிக்கை பார்க்க, "பாஸ் பண்ண வக்கில்ல, இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்றார். மறுநாளே கிளம்பிவிட்டேன். ஒரே ஒரு சொல்லுக்கு ஆறு வருடம், மாமா.

அந்தப் பரீட்சையை மூன்று வருடத்துக்கு முன்னால் மறுபடி எழுதினேன். துணி மடிக்கும் மேஜையிலேயே புத்தகத்தை விரித்துப் படித்தேன், பாஸ் பண்ணிவிட்டேன். உங்களுக்குக்கூட எழுதவில்லை. சான்றிதழை அப்பாவிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். அவர் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தது என் வீம்பு. இப்போது அவர் பாஸ் ஆகிவிட்டார். நான் பாஸ் ஆனதை யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அவரிடம் சொல்ல வேண்டிய நன்றி இதைவிடப் பெரியது. அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

சிட்டு

*

பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டு,

கையெழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதே. என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்துவிட்டு நானே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அப்பாதான் எழுதுகிறார். (ஆமாம், நான்தான்.) அப்பா நலமாக இருக்கிறார் என்று நேற்று அவசரமாகக் கொடுத்த தந்தி வந்திருக்கும். அதைத் தபால் ஆபீஸ்காரரே தமிழில் எழுதினார். என்னைப் பேனாவைத் தொடவிடவில்லை.

நடந்தது இதுதான். வயிற்றுவலிக்குக் காரணம் சிறுநீரகத்தில் கல். ஆறாம் தேதி விடியற்காலை அது தானாக வெளியே வந்துவிட்டது. "ஸ்டோன் பாஸ் ஆயிடுச்சு, இனிமே வலி இருக்காது, ஆபரேஷனும் வேணாம்" என்றார் டாக்டர். சந்தோஷத்தில் தந்தி கொடுக்க ஓடினேன். கவுண்டரில் ஒரு இளம்பெண். ஒன்றுக்குப் போன விஷயத்தை அந்தப் பெண்ணிடம் எப்படி எழுதி நீட்டுவது என்று கூச்சப்பட்டு, 'ஸ்டோன்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். கல்லை விட்டுவிட்டு, உன் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன். வேலையைப் போட்டுவிட்டு நீ அலைய வேண்டாமே என்று எழுதியதுதான் அந்த 'வராதே'. அது என் சொல். அவருக்குத் தெரியவே தெரியாது. என்னை மன்னித்துவிடு, அம்மா.

என் அகராதியை எடுத்து அப்பாவைப் படிக்கச் சொன்னேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம். பரீட்சையில் தேறுவது, பஸ்ஸில் காட்டுவது, பந்தைத் தள்ளிவிடுவது, பொழுது கழிவது, இரண்டு மலைக்கு நடுவில் போகிற வழி, எல்லாம் அதுதானாம். (முப்பது வருடம் கத்தியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இரண்டுதான்.)

உன் கடிதம் வந்தபோது, யாருடையது என்று தெரியாமல் அவரிடமே நீட்டிப் படிக்கச் சொன்னேன். உறையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தான் செத்துப்போன இடம் வந்ததும் நிமிர்ந்து, "யோவ் ஸ்டெனோ, என்னய்யா தந்தி குடுத்து வெச்சிருக்க?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. பின்னல் வந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் படித்தார். பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

"என்ன, எழுத்து புரியலையா?" என்றேன்.

"புரியுது. இருய்யா."

காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாஸ் ஆயிட்டாளாம்யா. மூணு வருஷம் ஆச்சாம்."

மிச்சத்தைப் படிக்கவில்லை. கடிதத்தோடு எழுந்து வாசலுக்குப் போனார். டாக்டர் படுத்திருக்கச் சொன்ன மனிதர், எதிர்வீடு, பக்கத்துவீடு, இஸ்திரிக் கடை என்று ஒவ்வொரு வாசலாக நின்று, "எம்பொண்ணு பாஸ்!" என்று சொல்லிவிட்டு வந்தார். இஸ்திரிக் கடைக்காரர், "எந்தப் பரீட்சைங்க?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லக்கூட நிற்காமல் வந்துவிட்டார். (இதையெல்லாம் எழுத மாட்டேன் என்றேன். விடவில்லை.)

சொன்னவர்: மாமா
எழுதியவர்: அப்பா

*

பிப்ரவரி 16

அப்பா,

உறையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துவிட்டேன். சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கல் வருகிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். மாமாவைத் திட்டாதீர்கள். அவர் சரியாகத் தந்தி கொடுத்திருந்தால் நான் வீம்பாக இன்னும் ஆறு வருடம் சும்மா இருந்திருப்பேன். நீங்கள் இருக்கும்போதே சொல்ல முடிகிறதே: என்னைத் தனியாக விடாமல் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தீர்களே, அதற்கு நன்றி அப்பா. அது பள்ளி இறுதிப் பொதுத்தேர்வு. இஸ்திரிக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

சிட்டு

*

பிப்ரவரி 20

சிட்டு,

எனக்குக் கடிதம் எழுத வராது. அன்றைக்குத் தெருவில் நின்று சொன்ன சொல் தப்பு. மறுநாள் டூட்டி முடிந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். வாசலில் உன் செருப்பு இல்லை. எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. மாடியிலேயே விலாசம் இருந்திருக்கிறது.

நீ நன்றி சொல்கிறாய். அதை நான் அல்லவா சொல்ல வேண்டும்? உன் அம்மா இறந்த வருடம் வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்றிருந்தேன். பின்சீட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் ஒவ்வொரு டிரிப்பும் போய்த் திரும்பி வந்தேன்.

ரிட்டயரான எங்களுக்கு பஸ் கம்பெனி ஒரு பாஸ் தருகிறது. எந்த ஊருக்கும் போகலாம், குடும்பத்தில் ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். வருடத்துக்கு ஒருமுறை பாஸ் கவுண்டரில் புதுப்பிக்க வேண்டும். "கூட வர்றது யாருங்க?" என்று கேட்பார்கள். "பொண்ணு" என்பேன். "உங்ககூடத்தான இருக்காங்க?" என்பார்கள். "ஆமா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். ஐந்து வருடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அந்த பாஸில் ஒரு ஊருக்கும் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் உன் ஊருக்கு வருகிறேன். உனக்கு லீவு கிடைத்தால், திரும்பும்போது என்னோடு வா. நாலு நாள் இருந்துவிட்டுப் போ, போதும். கவுண்டர்காரரிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

அப்பா